எங்கிருந்தோ வந்த வரி

சாரல் சன்னல் கம்பிவழியே வந்து பக்கத்தை நனைக்கப் பார்க்கிறது, உலகம்மை முந்தானையால் புத்தகத்தைப் பொத்திக்கொண்டு கட்டிலோடு இன்னும் ஒட்டி உட்கார்ந்து வாசிக்கிறாள், அவள் கணவர் சங்கரலிங்கம் தன் எழுத்து வாழ்க்கையைப் பற்றித் தானே எழுதிய புத்தகம், அச்சாகி வருவதற்குள் பக்கவாதம் முந்திக்கொண்டு வலது கையையும் பேச்சையும் கொண்டுபோய்விட்டது, அதனால் அவர் பட்ட பாட்டை அவருக்கே இவள் வாசித்துக் காட்டவேண்டியிருக்கிறது. முதல் நாவலைப் பற்றிய அத்தியாயம் இது, டெலிபோன் ஆபீஸ் வேலை முடிந்து வந்து எழுதியது, எழுதியதைவிடக் கிழித்தது அதிகம், பெண் பேசவேண்டிய இடத்தில் நானே சேலை கட்டிக்கொண்டு பேசுகிறேன் என்று தவித்தது, பதிப்பகம் திருப்பி அனுப்பியது, எல்லாம் அவள் கூடவே இருந்து பார்த்ததுதான், பிறகு அந்த வரி வருகிறது, பல வருஷம் கழித்துத் திரும்பிவந்து உள்ளே வரக் கூசி நிற்கும் புருஷனிடம் நாவலின் பெண்டாட்டி சொல்வது, சோறு ஆறிட்டு, எனக்குப் பசி ஆறல, உள்ள வாங்க, மேடைதோறும் எடுத்துச் சொன்னார்கள் அந்த வரியை, அதை நான் எழுதவில்லை, எங்கிருந்தோ வந்தது, என்று அச்சில் இருக்கிறது.

உலகம்மை நிறுத்திவிட்டாள், அன்றைக்கும் இப்படித்தான் சாரல், இல்லை, வெயிலோ, பதிப்பகத்திலிருந்து கையெழுத்துக் கட்டு திரும்பி வந்த நாள், இவர் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறார், இனிம எழுதமாட்டேன்ளா, நீ போய்ச் சாப்பிடு என்கிறார், வயிற்றில் மூத்தவளோடு இவள் தட்டை ஏந்தி நிற்கிறாள், கால் கடுக்கிறது, சோறு ஆறிட்டு, எனக்குப் பசி ஆறல, எந்திரிச்சு வாங்க, அவர் சட்டென்று திரும்பிப் பார்க்கிறார், அவள் குரலை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டவர்போல, எழுந்து வந்து சாப்பிடுகிறார், எச்சில் கையோடு பேனாவைத் தேடுகிறார்.

ஏங்க, எங்கிருந்தோ வந்துச்சா, நம்ம அடுக்களையிலருந்துல்லா வந்துச்சு என்றாள், சிரித்துக்கொண்டுதான் சொன்னாள், கடைசியில் குரல்தான் பிசகிவிட்டது.

அவர் இடது கையால் கட்டில் சட்டத்தைத் தட்டுகிறார், தண்ணியா என்கிறாள், இல்லை, ஒண்ணுக்குப் போகணுமா, இல்லை, தலகாணிய ஒசத்தவா, இல்லை, கண் புத்தகத்துக்கும் அலமாரியில் கிடக்கும் பென்சிலுக்குமாக ஓடுகிறது, எடுத்துக் கொடுக்கிறாள், ஒருநாளும் எழுதியறியாத இடது கை, எங்கிருந்தோ என்ற சொல்லை ஒரே இழுப்பாக அடிக்கிறது, கோடு கோணி மேல்வரிவரை ஏறிவிடுகிறது, அடித்த சொல்லுக்குப் பக்கத்தில், ஓரத்தில், நடுங்கி நடுங்கி ஒரு உ.

என்ன, புள்ளையார் சுழியா, புதுசா எழுதப்போறியளா என்று கேட்கிறாள், இல்லை என்று தலையாட்டுகிறார், நெற்றி வேர்த்திருக்கிறது, பென்சில் முனை உ-வை விட்டு நகராமல் நிற்கிறது, அவள் அந்த எழுத்தைப் பார்க்கிறாள், அவரைப் பார்க்கிறாள், போதும், எம் பேரு ரொம்ப நீளம், கை வலிக்கும், அடுத்த பதிப்புல பாத்துக்கிடலாம் என்கிறாள், அவர் கேட்பதாக இல்லை, அவள் கண்ணைத் துடைக்கக்கூட கையை எடுக்காமல் புத்தகத்தை இருபுறமும் அசையாது பிடித்துக்கொள்கிறாள், அவர் ல-வைத் தொடங்குகிறார்.