எட்டு மணிக்கு இறங்கிடுவீங்க

விமான டிக்கெட் பதிவு செய்யும் அந்த அலுவலகத்தில் அவளுக்கு ‘உலக உருண்டை’ என்று பெயர். எந்த இரண்டு விமான நிலையங்களைச் சொன்னாலும் எத்தனை கிலோமீட்டர், எத்தனை மணி நேரம் என்று திரையைப் பார்க்காமலே சொல்லிவிடுவாள். “வீட்டுலேர்ந்து ஆபீஸ் வர்ற நேரம் மட்டும்தான் உனக்குத் தெரியாது” என்று மேலாளர் கிண்டல் செய்வார்.

அன்று காலை ஒன்பது மணிக்கு ஒரு வெல்டர் வேலை உடுப்போடு ஓடி வந்தார்.

“நாளைக்கு பதினோரு மணிக்கு ஊர்ல அம்மாவுக்கு இதய ஆபரேஷன் மேடம். பிழைக்கிறது பாதிக்குப் பாதிங்கறாங்க. உள்ள கொண்டு போறதுக்குள்ள ஒரு வார்த்தை பேசிடணும்.”

“பன்னெண்டாயிரம் கிலோமீட்டர் சார். இன்னிக்குப் பதினோரு மணிக்கு ஒண்ணு இருக்கு, வழில நின்னு போகும், பதினேழு மணி நேரம். எதுக்கு அலையணும்? சாயங்காலம் ஆறு மணிக்கு நேரா போறது பதினாலு மணி நேரம்தான். காலைல எட்டு மணிக்கு இறங்கிடுவீங்க.”

“உங்க வாய்க்குச் சர்க்கரை போடணும்” என்றார் அவர். டிக்கெட்டை மடித்து, படிக்காமலே பைக்குள் வைத்துக்கொண்டார்.

மாலை ஏழு மணிக்கு நகலைக் கோப்பில் வைக்கும்போதுதான் அவள் பார்த்தாள். சேரும் நேரம்: மதியம் ஒரு மணி. அந்த ஊர்க் கடிகாரம் ஐந்து மணி நேரம் முந்தி ஓடுவதை அவள் மறந்திருந்தாள். காலை விமானத்தில் ஏறியிருந்தால் ஒன்பது மணிக்கே சேர்ந்திருப்பார். நகலை எடுத்துப்போய் மேலாளரிடம் காட்டினாள்.

“ஃபிளைட் லேட்டுன்னு சொல்லிடு. யாருக்குத் தெரியப்போகுது?” என்றார் மேலாளர்.

பதிவுப் படிவத்தில் வெல்டருடைய தங்கையின் எண் இருந்தது. அங்கே நள்ளிரவு. மருத்துவமனையில் விழித்திருந்த தங்கை முதல் மணியிலேயே எடுத்தாள்.

“உங்க அண்ணன் எட்டு மணிக்கு வரமாட்டார்மா, ஒரு மணிக்குத்தான் இறங்குவார். தப்பு என்னோடது. ஆபரேஷனைத் தள்ளிவைக்க முடியுமான்னு டாக்டர்கிட்ட கேளுங்க.”

“பெத்த தாய் விஷயத்துல போய் இப்படிப் பண்ணிட்டீங்களே!” தங்கை அழுதாள். ஆனால் விடிந்ததும் டாக்டரிடம் மன்றாடினாள். அவர் வேறொரு நோயாளியை முதலில் எடுத்துக்கொண்டு, அம்மாவை இரண்டரை மணிக்கு மாற்றினார்.

ஒரு மாதம் கழித்து வெல்டர் அலுவலகத்துக்கு வந்தார். அவள் எழுந்து நின்றாள். என்ன சொன்னாலும் வாங்கிக்கொள்வது என்று முடிவு செய்திருந்தாள்.

“அம்மாவை லிஃப்ட்டுக்குள்ள தள்ளும்போதுதான் போய்ச் சேர்ந்தேன். ‘சாப்டியாடா’ன்னு கேட்டாங்க. நான் பதில் சொல்றதுக்குள்ள கதவு மூடிடுச்சு. மூணாம் நாள் போயிட்டாங்க.”

அவள் மேசையிலிருந்த தண்ணீரை எடுத்து அவரிடம் நீட்டினாள்.

“ஒன்பது மணிக்குப் போயிருந்தா பக்கத்துலயே உக்காந்திருப்பேன். அந்தக் கோவம் எனக்கு இருக்கு, இல்லேன்னு சொல்லமாட்டேன். நீங்க போன் பண்ணலேன்னா அந்த ஒரு வார்த்தையும் கிடைச்சிருக்காது. அதையும் சொல்லாமப் போனா தூக்கம் வராது. அதான் வந்தேன்.”

அவர் உட்காரவில்லை, அவள் நீட்டிய தண்ணீரையும் வாங்கவில்லை. வந்த வேகத்திலேயே படியிறங்கிப் போய்விட்டார்.

அடுத்து வந்த பெண், தன் மகள் ஊருக்கு எத்தனை மணி நேரம் என்று கேட்டாள். அது அவளுக்கு மனப்பாடம். ஆனாலும், “கொஞ்சம் இருங்கம்மா, பாத்துச் சொல்றேன்” என்று திரையின் பக்கம் திரும்பினாள். எழுத்துகள் தெளிவாகத் தெரியச் சற்று நேரமாயிற்று.