பன்னிரண்டு யார் தூரத்துக்கு ஒரு கண்ணாடி

லண்டன் டூட்டிங்கில் பதினாறு வருடமாகக் கண் பரிசோதிக்கிறேன். எங்கள் ஆட்களில் யாருக்குச் சர்க்கரை வியாதி கண்ணில் இறங்கிவிட்டது, எந்த மாப்பிள்ளை பெண் பார்க்கப் போகும்போது கண்ணாடியைக் கழற்றிப் பையில் போட்டார் என்பதெல்லாம் என் வாடிக்கையாளர் அட்டைகள் வைத்த பெட்டியில் இருக்கிறது. ஒன்றும் வெளியில் போனதில்லை. பாலாம்பிகையின் வாய் பூட்டுப் போட்ட வாய் என்று சனம் சொல்லும். அதில் எனக்குத் தலைக்கனமும் உண்டு. அந்தத் தலைக்கனத்தோடுதான் 1997 தை மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை பிற்பகல், கனகலிங்கத்தைப் பரிசோதனைக் கதிரையில் இருத்தினேன்.

கனகலிங்கம் நோர்பரியில் இருப்பவர். ரெயில்வேயில் சிக்னல் வேலை. என்னைவிடப் பத்து வயது இளையவர். மற்றவர்கள் கோயிலுக்குப் போகிற ஞாயிற்றுக்கிழமைகளில் இவர் லைசென்ஸோடு கைத்துவக்குச் சுடுகிற கிளப்புக்குப் போவார். "அங்கை ஊர்ச் சண்டையிலை வெடிச்சத்தத்துக்கு ஓடிவந்து, இங்கை அதைத் தேடிப் போறீரோ" என்று பல தடவை நக்கலடித்திருக்கிறேன். அவரும் சிரிப்பார். அதெல்லாம் கார்த்திகைக்கு முந்திய கதை.

கார்த்திகையில் அவருடைய மனைவி தவநாயகி, நாங்கள் தவம் என்று கூப்பிடுகிறவள், உடைந்த கண்ணாடியோடு வந்தாள். இடது கண்ணுக்குக் கீழே பச்சையாகக் கன்றியிருந்தது. படியில் விழுந்ததாகச் சொன்னாள். "படி மோதிரம் போட்டிருந்ததோ?" என்று கேட்டேன். அதற்குப் பிறகு அரை மணித்தியாலம் அழுதாள். அவரை விட்டு ரெய்னர்ஸ் லேனில் சிநேகிதி மரியமலர் வீட்டுக்குப் போய்விட்டாளாம். அந்த விலாசத்தை என் அட்டையில் எழுதச் சொன்னாள்.

"ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதேங்கோ அக்கா. இடம் தெரிஞ்சால் என்னை உயிரோடை விடமாட்டார்."

"என்ர வாயிலையிருந்து வராது" என்றேன்.

ஆகவே கனகலிங்கம் வந்தபோது முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. விரட்டினால் ஏன் என்று யோசிப்பார். வழக்கம்போலவே நடந்துகொண்டேன்.

அவர் ஒரு சின்னப் பெட்டியைத் திறந்து, தீப்பெட்டி அளவில் ஒரு கறுப்புச் சாமானை மேசையில் வைத்தார்.

"ரெட் டொட் அக்கா. துவக்குக்கு மேலை பூட்டுறது. துவக்கு வீட்டிலை இரும்புப் பெட்டிக்குள்ளை கிடக்கு, பயப்பிடாதேங்கோ. இதுக்கு லைசென்ஸ் ஒண்டும் தேவையில்லை. ஆனா எனக்குப் புள்ளி வட்டமாத் தெரியேல்லை. வால் முளைச்ச மாதிரி இழுபடுது."

எடுத்துப் பார்த்தேன். சாய்வாக ஒரு சின்னக் கண்ணாடி. அதற்குள் பார்த்தால், எதிர்ச் சுவரில் ஒட்டிவைத்தது போலச் சிவப்புப் புள்ளி ஒன்று நின்றது. உண்மையில் சுவரில் ஒன்றும் இல்லை. பற்றறி வெளிச்சம் அந்தக் கண்ணாடியில் பட்டுச் சுடுகிறவரின் கண்ணுக்குத்தான் திரும்பி வருகிறது. எதிரே நிற்கிறவருக்கு எதுவும் தெரியாது.

"பழைய குறியெண்டால் துவக்கு நுனியைப் பாக்கோணும், இலக்கு மங்கிப்போகும்" என்றார். "இதிலை ரெண்டு கண்ணையும் திறந்து இலக்கையே பாக்கலாம். புள்ளியிலும் சின்னது பெரிசு இருக்கு. தூரத்து அட்டைக்குச் சின்னது. கிட்டத்துக்குப் பெரிசுதான் நல்லம், கண் உடனை பிடிக்கும். நான் பெரிசு எடுத்தனான்."

கண்ணைச் சோதித்ததில் குறை அந்தக் குறிகாட்டிச் சாமானில் இல்லை என்று தெரிந்தது. அவருடைய கருவிழி முட்டைபோல ஒரு பக்கம் நீண்டிருந்தது. பழைய கண்ணாடி அதற்குப் போதாது. சோதனைச் சட்டத்தில் லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டபடியே பேச்சுக் கொடுத்தேன்.

"ஸ்கொட்லாந்துப் பள்ளிக்கூடத்திலை பிள்ளையளைச் சுட்ட அந்தக் கொடுமை நடந்த பிறகு, கைத்துவக்கெல்லாத்தையும் இந்த வருசம் பிடுங்கப்போறாங்களெண்டு பேப்பரிலை கிடக்கு. இப்ப போய் ஏன் தம்பி புதுச் சாமான்?"

"அதாலைதான் அக்கா. இனி நாள் இல்லை. அதுக்குள்ளை ஒருக்கா ஒழுங்காச் சுடோணும்."

"கிளப்பிலை தூரம் இருபத்தைஞ்சு யார்தானே?"

இருபத்தைந்து கெஜமோ பத்துக் கெஜமோ, லென்ஸுக்கு இரண்டும் ஒன்றுதான். என்ன தூரத்துக்கு என்று எல்லோரிடமும் கேட்பது என் பழக்கம், தையல்காரருக்கும் கேட்பேன், லொறி ஓட்டுகிறவருக்கும் கேட்பேன்.

"பன்னிரண்டு" என்றார்.

பிறகு அறை லைட்டை அணைத்துவிட்டு மேசை விளக்கை மட்டும் போடச் சொன்னார். கிளப்பில் ரியூப் லைட் என்று முன்பு அவரே சொல்லியிருக்கிறார். நான் ஒன்றும் கேட்காமல் அணைத்தேன். மங்கல் வெளிச்சத்தில் புள்ளியின் பிரகாசத்தைக் குறைக்காவிட்டால் அது பூத்து இலக்கையே மூடிவிடுமாம். இலக்கம் போட்ட சின்னத் திருகை ஒவ்வொரு இலக்கமாகக் குறைத்தார். எழும்பி ஜன்னலடிக்குப் போய், கீழே தெருவைப் பார்த்துக் குறிகாட்டியை உயர்த்தினார். பஸ் நிறுத்தத்தில் இருந்து இரண்டு பைகளோடு ஒரு பெண் நடந்து போனாள். அவருடைய கை அவளோடேயே மெதுவாகத் திரும்பியது.

"நடக்கேக்கை புள்ளி கொஞ்சம் பிந்துது. பழகோணும்."

கிளப்பில் சுடுவது காகித அட்டையை. காகிதம் நடக்காது.

சாமான் வந்த பெட்டிக்குள் இருந்து ஒரு காகிதத் துண்டை எடுத்துப் பார்த்து, "மூண்டாம் இலக்கம்" என்று தனக்குத்தானே சொல்லிவிட்டு, அதை மேசையில் வைத்துத் திரும்பவும் ஜன்னலுக்குப் போனார். அதில் நாலு விஷயம் எழுதியிருந்தார். பன்னிரண்டு யார். 5.40. மஞ்சள் தெருலைட். இலக்கம் 3.

துண்டின் ஓரத்தில் பச்சை மை தெரிந்தது. புரட்டினேன். பின்பக்கத்தில் என் கடை முத்திரை. அதற்குக் கீழே தவநாயகியின் பெயரும் ரெய்னர்ஸ் லேன் விலாசமும். கையெழுத்து என்னுடையது.

வருடா வருடம் மார்கழியில் என் கடைப் பெயர் போட்ட தமிழ்க் கலண்டரை எல்லா வாடிக்கையாளருக்கும் கொடுப்பேன். ராகுகாலம், சுபமுகூர்த்தம் எல்லாம் லண்டன் நேரத்துக்குக் கணித்தது. சுருட்டி, ரப்பர் பாண்டில் விலாசத் துண்டைச் செருகி, முன் மேசையில் கூடைக்குள் குத்தி வைப்பேன். வருகிறவர்களுக்குக் கையில், வராதவர்களுக்குத் தபாலில். மார்கழியில் இதே கனகலிங்கம் கண்ணாடிக்கு ஆணி போட வந்தார். என் உதவியாளர் பியற்றிஸ் சாப்பிடப் போயிருந்தாள், நான் உள்ளே போய் ஆணி தேடினேன், அவர் கூடையோடு தனியே நின்றார். தவத்துக்குக் கலண்டர் போய்ச் சேரவில்லை என்று அறிந்தபோது தபால்காரனைத் திட்டினேன். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நான் வாயைக் காத்தேன், கையால் கெடுத்தேன்.

துண்டை இருந்தபடியே வைத்தேன்.

"எப்ப தருவியள் அக்கா?"

"வெள்ளி."

"வியாழன் மத்தியானத்துக்கு முந்தித் தர ஏலாதோ?"

"லென்ஸ் வெட்டுறவன் என்ர மச்சானில்லைத் தம்பி."

குறிகாட்டியையும் துண்டையும் பெட்டிக்குள் வைத்து மூடினார். பிறகு சிரித்தார். "பரவாயில்லை. பழசோடையும் சமாளிக்கலாம்."

கீழே மேசையில் இருக்கும் பியற்றிஸ் அவர் முன்னாலேயே ஓர்டரை லென்ஸ் வெட்டுகிறவருக்கு ஃபாக்ஸில் அனுப்பினாள். கோணல் லென்ஸ் போட்டு அவரைத் தவறவைக்கலாமோ என்று ஒரு பைத்தியக்கார யோசனை வந்தது. அதுவும் சரிவராது. கண்ணாடி கோணலானால் புள்ளியும் ஆளும் சேர்ந்தே நகரும், குறி குறியாகவே இருக்கும். அவர் போய்க் கதவு சாத்தியதும் பொலிஸுக்குப் போன் அடித்தேன். அடுத்ததாகத் தவத்துக்கு.

"வியாழனோ?" அவளுடைய குரல் இறங்கிவிட்டது. "மற்ற நாளெல்லாம் மரியமலர் ஸ்டேஷனிலையிருந்து என்னோடை வாறவ. வியாழன் மட்டும் அவவுக்குப் பின்னேர ஷிப்ட். நான் தனியத்தான் வாறனான், அஞ்சே முக்காலுக்கு முன்னம்." பிறகு கேட்டாள். "அவருக்கு எப்பிடி அக்கா இந்த இடம் தெரியும்?"

பொய் சொல்லியிருக்கலாம், அவளும் நம்பியிருப்பாள். கலண்டரைப் பற்றிச் சொன்னேன்.

"இனி எனக்குக் கலண்டர் வேண்டாம் அக்கா" என்றாள். அன்றைக்கே ரெய்னர்ஸ் லேனை விட்டுப் போய்விட்டாள். எங்கே என்று எனக்குச் சொல்லவில்லை. மரியமலரிடம் கேட்டேன், தனக்குத் தெரியாது என்று கதவை மூடினாள்.

பொலிஸ் அன்றிரவே நோர்பரிக்குப் போய்த் துவக்கையும் லைசென்ஸையும் எடுத்துவிட்டது. ஆளை எடுக்கவில்லை. அவர் இன்னும் ஒன்றும் செய்யவில்லையாம்.

வெள்ளிக்கிழமை நாலு மணிக்குக் கனகலிங்கம் வந்தார். காலையில் வந்திறங்கிய புதுக் கண்ணாடியைப் பியற்றிஸ் நீட்டினாள். போட்டுக்கொண்டார். கோட்டுப் பையில் இருந்து அந்தக் கறுப்புச் சாமானை எடுத்தார். அதற்கு லைசென்ஸ் தேவையில்லை, ஒருவரும் அதை எடுக்கவுமில்லை. இரண்டு கண்ணையும் திறந்தபடி என் பக்கமாக உயர்த்தினார்.

"இப்ப நல்ல வட்டம் அக்கா."

குனிந்து என் நெஞ்சைப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. எதிரே நிற்கிறவருக்குத் தெரியாது என்று தெரிந்திருந்தும் பார்த்தேன்.

சாமானைத் தாழ்த்தினார். "துவக்கு இன்னொண்டு தேடலாம். தவத்தின்ர புது விலாசம் உங்கட பெட்டியிலை இருக்கும்தானே?"

அட்டையை உருவி அவர் முன்னால் வைத்தேன். ரெய்னர்ஸ் லேன் விலாசத்தைக் கோடு போட்டு வெட்டியிருந்தேன். அதன் கீழ் வெறுமை. புதுக் கண்ணாடியால் அதை ஒரு நிமிடம் வாசித்தார், முன்னும் பின்னும் புரட்டினார். என் முகத்தையும் பார்த்தார். பிறகு அட்டையை வைத்துவிட்டுக் கதவைத் திறந்து போனார்.

தவம் என்னை நம்பாமல் போய்விட்டாளே என்று மூன்று நாளாக அழுதவள் நான். அன்றைக்குத்தான் அதற்காகக் கடவுளைக் கும்பிட்டேன்.