தெல்மா ஏறிய இரண்டு உச்சிகள்

ரோலண்டின் நெஞ்சுவலி மருந்து சமையலறை ஜன்னல் விளிம்பில் ஹாயாக நின்றுகொண்டிருந்தது. விரல் நீளச் சிவப்பு ஸ்பிரே குப்பி. வலி வந்தால் நாக்குக்கு அடியில் அடித்துக்கொள்ள வேண்டும், ஒரு கணம்கூட சட்டைப்பையை விட்டு வெளியே இருக்கக் கூடாது என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். தெல்மா அதைப் பார்த்தபோது மணி பத்தரை. மனிதர் மலைக்குக் கிளம்பிப் போனது எட்டரைக்கு.

“பாவி மனுஷா, வேணும்னேதானே வச்சுட்டுப் போயிருக்க” என்று வாய்விட்டுத் திட்டிக்கொண்டே அடுப்பை அணைத்து, குப்பியை எடுத்துக்கொண்டாள்.

வீட்டுக் கொல்லையிலேயே மலை ஆரம்பித்துவிடும். நேப், பிராண்ட் ஹா, சிக்கர்ஸ் என்று மூன்று மொழுமொழுப் புல்மலைகள். நேப்பில் ஏறி, மூன்றையும் கடந்து, சிக்கர்ஸ் வழியாக இறங்கி ஓடைக்கரையோடு வீடு வந்து சேர்ந்தால் அரை நாள் வட்டம். ரோலண்ட் வாரம் தவறாமல் போவார், எப்போதும் நேப் பக்கத்திலிருந்துதான். பின்னாலேயே துரத்தினால் எட்டிப்பிடிக்க முடியாது. எதிர்ப்பக்கமாக சிக்கர்ஸில் ஏறினால் நடுவழியில் முகத்துக்கு முகம் மடக்கிவிடலாம். கைபேசியில் கூப்பிடலாமே என்பீர்கள். அந்த மலையில் கைபேசியும் ஒன்று, கருங்கல்லும் ஒன்று.

ஆனால் எந்த வழியாக ஏறுவது? முப்பத்தொரு வருஷமாகப் புருஷன் பெண்டாட்டிக்குள் அதில்தான் சண்டை. தெல்மா ஆட்டுப்பண்ணையில் பிறந்தவள். ஆடு மேய்ப்பவர்கள் உச்சிக்குப் போவதே கிடையாது. மூன்று மலைகளின் இடுப்பையும் சுற்றி ஆடுகளே மிதித்துப் போட்ட தடம் ஒன்று போகிறது, அதுதான் அவர்கள் வழி. ரோலண்ட் லீட்ஸ் நகரத்துத் தபால் குமாஸ்தா. மூன்று உச்சிகளிலும் உள்ள கற்குவியலைத் தொட்டு, தொட்ட நேரத்தை நோட்டில் எழுதினால்தான் அவருக்குச் சோறு இறங்கும்.

“மேல என்னய்யா இருக்கு? புல்லு இல்ல, ஆடு இல்ல. வெறும் காத்துக்கா இப்படி மூச்சு வாங்கற?” என்பாள் அவள்.

“ஆடு போற வழியிலயே போனா ஆட்டு புத்திதான் வரும், தெல்மா.”

“லீட்ஸ்காரன் புத்திக்கு எங்க ஆடு எவ்வளவோ தேவலாம்.”

புது வருஷத்தில் டாக்டர் குப்பியைக் கொடுத்த பிறகும் அவர் விடவில்லை. ஒவ்வொரு தடவையும் வந்து உட்கார்ந்து, “நேப் ஒம்பது அம்பது, பிராண்ட் ஹா பத்தே முக்கால்” என்று நோட்டை வாசித்துக் காட்டுவார். அவள் திட்டுவாள். உள்ளுக்குள் அவளுக்கு அது பெருமைதான்.

அதனால் தெல்மா தன் தடத்தை விட்டுவிட்டு உச்சிக்கு ஏறினாள். மூடுபனி கவிந்திருந்தது. தடத்தோடு போனால் அவர் தலைக்கு மேலே தாண்டிப் போய்விடுவாரே என்ற பயம். ஐம்பத்தெட்டு வயதில், வாழ்க்கையில் முதல் தடவையாக சிக்கர்ஸ் உச்சியில் நின்றாள். முழங்கால் உயரத்துக்குக் கல் குவிந்து கிடந்தது. ஆள் இல்லை.

“ரோலண்ட்!” என்று கத்தினாள். காற்று அதைப் பிடுங்கிக்கொண்டு போயிற்று.

பிராண்ட் ஹாவிலும் ஆள் இல்லை. அங்கே நான்கு திசையிலும் திரும்பித் திரும்பிக் கத்தினாள், தொண்டை கட்டிவிட்டது. கோபம் இருந்தவரைக்கும் பயம் தெரியவில்லை. இப்போது கோபம் வற்றிப்போயிருந்தது.

நேப்புக்குப் போகும் இறக்கத்தில் வண்டிச் சத்தம் கேட்டது. சித்தப்பா மகன் கிட், சினை ஆடுகளைக் கீழே ஓட்டிப் போக நான்கு சக்கர மலைவண்டியில் வந்திருந்தான்.

“என்னக்கா, உச்சியிலருந்து இறங்கி வர்ற? பெரியப்பா பாத்திருந்தா பண்ணைய விட்டே துரத்தியிருப்பாரு!”

“விளையாடாதடா. ரோலண்ட பாத்தியா?”

“பத்து மணிக்குப் பாத்தேனே, நேப்புக்குக் கீழ. தடத்துல போயிட்டிருந்தாரு.”

“தடத்துலயா? அவரு உச்சிக்குல்ல போவாரு?”

“எங்க போறாரு? புது வருஷத்துலருந்தே தடத்துலதான். பத்தடிக்கு ஒருதரம் நிப்பாரு. யாராவது பாத்தா ஷூ கயிறு கட்டற மாதிரி குனிஞ்சுக்குவாரு. உனக்குத் தெரியும்னு நெனச்சேன்க்கா.”

“நோட்டுல எழுதறாரேடா. மணியோட எழுதறாரே.”

கிட் கீழே தடத்தைப் பார்த்தான். அவள் உச்சியில் நின்று கத்தியபோது அவர் அவள் காலுக்குக் கீழே, அவளுடைய தடத்திலேயே இருந்திருக்கிறார். ஒருவேளை காதில்கூட விழுந்திருக்கும்.

“ஏறுக்கா” என்றான் கிட்.

தடம் பிராண்ட் ஹாவுக்குக் கீழே ஓடைப்பள்ளத்துக்குள் வளையும் இடத்தில், மேட்டில் முதுகைச் சாய்த்து ரோலண்ட் உட்கார்ந்திருந்தார். ஃபிளாஸ்க் மூடியில் ஊற்றிய தேநீர் சிந்தாமல் பக்கத்தில் இருந்தது. தெல்மா வண்டி நிற்பதற்குள் குதித்து ஓடி மண்டியிட்டாள்.

“வாயத் திற. திறய்யா.”

கட்டைவிரலால் தாடையை இறக்கி, நாக்குக்கு அடியில் மருந்தை அடித்தாள். கிட் அவர் கழுத்தில் இரண்டு விரலை வைத்தான். வெகுநேரம் வைத்திருந்தான். பிறகு தொப்பியைக் கழற்றினான்.

“அக்கா.”

“கைய எடுடா.”

“அக்கா, அவரு போயி…”

“காலருக்குள்ள சூடாதான் இருக்கு, தொட்டுப் பாரு.” அவள் கைக்கடிகாரத்தைத் திருப்பிப் பார்த்தாள். “அஞ்சு நிமிஷம் கழிச்சு இன்னொரு தரம் அடிக்கலாம்னு டாக்டர் சொல்லியிருக்காரு. இப்ப ரெண்டு நிமிஷந்தான் ஆகுது. நீ போயி ஆள கூட்டிட்டு வா.”

கிட் நகரவில்லை. வண்டியின் இஞ்சின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

“மூணு” என்றாள் தெல்மா.