கிழக்குக் குடாவில் நிற்கும் மீன்கள்

செல்வராசா எந்த இடத்தைச் சொன்னாரோ அந்த இடத்துக்கு மீன்கள் போயின. ஜெர்மனியின் ஹம் நகரத்துத் தமிழருக்கு இது முருங்கைக்காய் விலையைப் போலத் தெரிந்த விஷயம். செப்டம்பர் பிறந்ததும் ஆட்கள் அவருக்குத் தொலைபேசி எடுத்து, சனிக்கிழமை மலைப்பக்கத்து நீர்த்தேக்கத்துக்குப் போகிறோம், பார்ஷ் எங்கே படும் என்று கேட்பார்கள். பார்ஷ் என்பது முதுகில் முள்ளும் உடம்பில் கறுப்புப் பட்டியும் உள்ள மீன். பொரித்தால் வாய்க்கு ருசி. அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பிப்பார். இரவில் குளிர் விழத் தொடங்கிவிட்டது, சின்ன மீன்கள் குடாக்களுக்குள் ஒதுங்கும், பார்ஷ் கூட்டமாகத் துரத்தி வரும், காற்று அடிக்கிற கரையில் நில்லுங்கள், விரலளவு ரப்பர் மீனைப் போட்டு மெதுவாக இழுங்கள், வெயில் ஏறும்வரை பொறுங்கள். கடைசியாக இடத்தைச் சொல்வார். போனவர்கள் வாளி நிறையக் கொண்டுவருவார்கள்.

ஒருமுறை வாய் தவறி மேற்குக் குடாவுக்குப் பதில் படகுத்துறைப் படிக்கட்டைச் சொல்லிவிட்டார். அங்கே கணுக்கால் நனையத்தான் தண்ணீர். அவருடைய சிநேகிதர் தபோதரன் போய்ப் பார்த்தபோது மீன்கள் முதுகு முள் வெளியே தெரிய நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. இது அறிவில்லை, வாக்கு என்று அன்றைக்குத்தான் எல்லோருக்கும் விளங்கியது. மீன்பிடிச் சங்கத்து ஜெர்மன்காரரும் அவரிடம் கேட்கத் தொடங்கினார்கள். அவர் தனக்கென்று போனால் மட்டும் ஒன்றும் படாது; அடுத்தவருக்குச் சொன்னால்தான் வாக்குப் பலிக்கும். அதை அவர் குறையாக நினைக்கவில்லை. கேட்க ஆள் இருந்தால் அவருக்குச் சாப்பாடே வேண்டாம். ஜெர்மன் மொழியில் மீன்பிடிச் சோதனை எழுதிப் பெற்ற அனுமதிச் சீட்டைப் பிரதியெடுத்து, சாமி படத்துக்குப் பக்கத்தில் சட்டம் போட்டு மாட்டியிருந்தார்.

அவருடைய ஒரே மகள் நிவேதிதா, அன்ரன் என்ற மின்வேலைக்காரனைக் கட்டப்போகிறேன் என்று சொன்னபோது அவர் தூண்டில் கொக்கியில் ரப்பர் மீனைக் குத்திக்கொண்டிருந்தார். அன்ரனின் தகப்பன் யாழ்ப்பாணத்துக் குருநகரில் மீன்பிடிக்கக் கடலுக்குப் போனவர்.

“மீன் பிடிக்கிற ஆக்களோடை நாங்கள் சம்பந்தம் செய்யிறேல்லை,” என்றார் செல்வராசா.

“அப்பா, நீங்கள் கையிலை வைச்சிருக்கிறது என்ன?”

“இது வேறை. இது பொழுதுபோக்கு. நான் சோதினை எழுதிப் பாஸ் பண்ணினனான்.”

இந்த வெட்கக்கேட்டை நான் கூட்டியும் சொல்லவில்லை, குறைத்தும் சொல்லவில்லை. அவர் மனைவி சந்திரா தூண்டிலையும் புருஷனையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்தார். அன்றைக்கு அவர் வாய் திறந்திருக்க வேண்டும். நகரசபையில் நடந்த கல்யாண எழுத்துக்குச் சந்திரா தனியாகப் போனார். பேத்தி பிறந்தாள், நடந்தாள், பள்ளிக்கூடம் போனாள். சந்திரா ஞாயிறுகளில் ரயிலேறிப் போய்ப் பார்த்துவிட்டு வருவார். செல்வராசா எதுவும் கேட்கமாட்டார். ஆனால் மனைவி வந்து சேரும்வரை ஜன்னலை விட்டு அசையவும் மாட்டார்.

சென்ற வருடம் இருதயச் சத்திரசிகிச்சை முடிந்து வந்த பிறகு அவருக்கு மகளைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. செப்டம்பரில் தபோதரன் வழக்கம்போலத் தொலைபேசி எடுத்தபோது, “வாற சனிக்கிழமை கிழக்குக் குடாவுக்கு என்ரை பிள்ளை வருவாள். அன்ரனும் பேத்தியும் வருவினம்,” என்றார். அன்ரன் என்ற பெயர் அவர் வாயில் வந்தது அதுதான் முதல் தடவை. பிறகு எடுத்தவர்களுக்கெல்லாம் அதையே சொன்னார்.

“அவளுக்கு எடுத்துச் சொல்லுங்கோவன்,” என்றார் சந்திரா.

“நான் ஏன் எடுக்கோணும்? நான் சொன்னால் நடக்கும்.”

தபோதரன் மனம் கேளாமல் நிவேதிதாவுக்குச் செய்தி சொன்னார். “அப்பா என்னைக் கூப்பிடட்டும், மாமா. மன்னிப்பும் வேண்டாம், வா எண்டு ஒரு சொல்லுப் போதும். மூண்டு பேரும் வாறம்,” என்றாள். அது செல்வராசாவின் காதுக்கும் வந்தது. வெள்ளிக்கிழமை முழுவதும் தொலைபேசியை மடியில் வைத்திருந்தார். எடுக்கவில்லை.

சனிக்கிழமை கிழக்குக் குடாவுக்கு நீர்த்தேக்கத்துப் பார்ஷ் அத்தனையும் வந்தன. தண்ணீர் கறுத்துப்போகுமளவுக்கு வந்து, கரைப்பக்கம் தலை வைத்து அசையாமல் நின்றன. செல்வராசா புதுச் சட்டையோடு, பேத்திக்கென்று வாங்கிய சின்னத் தூண்டிலோடு மாலைவரை நின்றார். யாரும் வரவில்லை. அவர் வீட்டுக்குப் போனார், மீன்கள் போகவில்லை. பனிக்காலத்தில் குடா உறைந்தபோதும் பனிக்கட்டிக்குக் கீழே அப்படியே நின்றன. கோடையிலும் நின்றன. காத்து நிற்கிற மீனைப் பிடிப்பது மரியாதையில்லை என்று சங்கத்தார் அங்கே தூண்டில் போடுவதைத் தடை செய்தார்கள். வேறு குடாக்களில் இப்போது ஒன்றும் படுவதில்லை; ஆட்கள் வேறு ஏரிகளுக்குப் போகிறார்கள்.

நிவேதிதா தொலைபேசி இலக்கத்தை மாற்றவில்லை. செல்வராசா இன்னும் எடுக்கவில்லை. சனிக்கிழமைகளில் அவர் குடாக் கரைக்கு வருவார். காலடிச் சத்தம் கேட்டு மீன்கள் ஒருதடவை அவரைப் பார்க்கும். பிறகு அவரைத் தாண்டி, கார்கள் வந்து நிற்கும் பாதையைப் பார்க்கும்.