என்ர மனுசி

செல்வரட்ணத்துக்கு வாய் திறக்குமுன்னே கை திறந்துவிடும். அந்த வெள்ளிக்கிழமை டென்மார்க் பொலிஸ் கடிதத்தை அரைகுறை இங்கிலிசில் வாசித்துச் சொல்லிவிட்டு வெள்ளைக்காரி பீர்த்த அக்கா வாசல் தாண்டியிருக்கமாட்டாள், ஒரே குத்தில் குசினி அலுமாரிக் கதவைப் பிளந்துபோட்டான்.

"கதவு என்னடா செய்தது உனக்கு?" என்று கேட்டான் அறைத்தோழன் மாமாங்கம். மட்டக்களப்பான், வாய்க்கொழுப்பன். கேட்ட வாய்க்கும் ஒன்று வந்தது. குனிந்தபடியால் பல்லுத் தப்பியது.

கடிதத்தில் இருந்தது இவ்வளவுதான். செல்வரட்ணம் 1986இல் கொடுத்த வாக்குமூலத்தில் மனைவி என்று ஒருத்தி இல்லை. "ஒரு பெண்ணோடு வசித்தேன்" என்றுதான் இருக்கிறது. இப்போது பற்றிமா என்பவளை மனைவி என்று இந்த நாட்டுக்குக் கூப்பிட மனுப் போட்டிருக்கிறார். கோயிலில் பதிந்த விவாகப் பத்திரமும் அந்த வாக்குமூலத்தோடு பொருந்தவில்லை. விளக்கம் தேவை.

"என்ர மனுசியோட பாசையூரில இருந்தனான் எண்டுதானேடா சொன்னனான்!" என்று கத்தினான் செல்வரட்ணம்.

மாமாங்கத்துக்குத்தான் சங்கதி பிடிபட்டது. "உனக்கு மொழிபெயர்த்தது இந்தியாக்காரன் எல்லுவா? நமக்கு மனுசி எண்டாப் பொஞ்சாதி. அவனுகள் மனுசி எண்டா வெறும் பொம்பிளை எண்டுதான் விளங்குவானுகள். எழுதிப்போட்டான், ஒரு பொம்பிளையாம்."

ஐயோ! அந்தோனியார் கோயிலில் தாலி கட்டி ஆறு வருஷம் வாழ்ந்தவளை ஒரு சொல்லில் யாரோ ஒருத்தியாக்கிவிட்டான் பாவி. போன ஒக்டோபரில் இந்தியன் ஆமி யாழ்ப்பாணத்துக்குள் அடித்துக்கொண்டு இறங்கியது. தை மாதம் பற்றிமாவின் கடிதம் ஒன்று வந்தது. "கோயிலுக்குள்ளதான் கிடக்கிறம். பக்கத்துப் பாயில படுத்தவ செல் பட்டுச் செத்திட்டா. கெதியாக் கூப்பிடுங்கோ." அதற்குப் பிறகு ஒரு துண்டுக் கடுதாசியும் இல்லை. இப்போது வைகாசி. அவள் உயிரோடு இருக்கும்போதே இங்கே எடுப்பித்துவிட வேண்டும். செல்வரட்ணத்துக்கு உலகத்தில் வேறொன்றும் வேண்டியிருக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பீர்த்த அக்கா அகதிப் பொடியள் எல்லாரையும் ஆற்றங்கரை நடைக்குக் கூட்டிப்போனாள். ரீச்சராக இருந்து ஓய்வுபெற்றவள், சும்மா இருக்கமாட்டாள். சில்க்போர்க் பட்டணத்தில் இருந்து கூடனோ ஆறு போகிற வழியே பழைய நடைபாதை ஒன்று. அந்தக் காலத்தில் பாரப் படகுகளை ஆட்கள் கரையில் நின்று கயிறு போட்டு இழுத்துப் போன பாதையாம். ஒரு பக்கம் நாணல், ஒரு பக்கம் மாட்டுப் பட்டி. வெள்ளைக்காரக் குடும்பங்கள் கூடையில் பாண் கட்டிக்கொண்டு சிரித்தபடி போகின்றன. செல்வரட்ணத்தின் சட்டைப் பையில் கடிதம் கிடந்து சுட்டது.

"எல்லாருக்கும் விளங்கவேணும் எண்டு மொழிபெயர்ப்பாளர் ஒராளையும் பிடிச்சு வந்திருக்கிறா" என்றான் மாமாங்கம். திரும்பிப் பார்த்த செல்வரட்ணத்துக்கு இரத்தம் தலைக்கேறியது. வாக்குமூலத்தன்று மொழிபெயர்த்த அதே ஆள். அதே தடித்த கண்ணாடி, அதே வழுக்கை. சவுந்தரபாண்டியன், மதுரைக்காரர். ஓகூஸ் நகரத்தில் எஞ்சினியர்.

"மச்சான், கையைச் சும்மா வச்சுக்கிட்டு இரி. பீர்த்த அக்காட முகத்துக்காகவாவது" என்று மாமாங்கம் அவன் முழங்கையைப் பிடித்துக்கொண்டான்.

செல்வரட்ணம் பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தான். மூன்று கிலோமீற்றர் கடித்தான்.

ஆற்று வளைவில் ஒரு கிராமம். பழைய மதகு, ஓட்டுக் கூரைச் சாராயக்கடை, கரையில் ஊர்க்காரர் செப்பனிட்டு வைத்திருந்த சின்னப் பாரப் படகு. வருகிறவர்கள் இழுத்துப் பார்க்கலாம். கயிற்றின் நுனியில் தோளில் மாட்டுகிற தோல் பட்டி இரண்டு. கரைவலை இழுத்த செல்வரட்ணத்தின் தோளைப் பார்த்ததும் ஒரு பட்டியை அவனுக்கு மாட்டிவிட்டாள் பீர்த்த அக்கா. மற்றதைச் சிரித்துக்கொண்டே சவுந்தரபாண்டியன் தோளில் போட்டாள். பிறகு படகைக் காட்டி டேனிஷில் என்னவோ சொன்னாள். அதில் "மின் மன்" என்ற இரண்டு சொல் செல்வரட்ணத்தின் காதில் நன்றாக விழுந்தது.

மன். அவனுக்குத் தெரிந்த சொல். பக்டரியில் போர்மன் காலமை எண்ணுவான், ஐந்து மன், ஆறு மன் என்று. மன் என்றால் மனுசன். மின் என்றால் என்ர. என்ர மனுசன்! அட, எங்கட சனம் மாதிரியேதான் இவளும் சொல்கிறாள் என்று ஒரு கணம் அவனுக்குச் சந்தோஷம்கூட வந்தது.

சவுந்தரபாண்டியன் தொண்டையைச் செருமினார். "இந்த அம்மா என்ன சொல்றாங்கன்னா, அவங்க புருஷனோட தாத்தாவும் இந்தப் படகை இழுத்தவராம்."

"என்ன சொன்னனீ?" என்றான் செல்வரட்ணம்.

"அவங்க புருஷனோட..."

"மன் எண்டுதானே சொன்னவ? மன் எண்டா மனுசன். அவவின்ர மனுசன் உனக்குப் புருசன். என்ர மனுசி மட்டும் உனக்கு ஆரோ ஒரு பொம்பிளையோடா?"

அந்த மனிதருக்குத் தலையும் விளங்கவில்லை, வாலும் விளங்கவில்லை. விளங்க நேரமும் கிடைக்கவில்லை. முதல் அடியில் கண்ணாடி பறந்தது. இரண்டாவதில் மூக்கு உடைந்தது. ஒரே கயிற்றில் பூட்டின இரண்டு மாடு போல இருவரும் கரையில் உருண்டு தண்ணீருக்குள் விழுந்தார்கள். இடுப்பளவு தண்ணீர், உயிர் விறைக்கிற குளிர். செல்வரட்ணம் கயிற்றை அவர் கழுத்தில் ஒரு சுற்றுச் சுற்றித் தலையை அமுக்கினான். குமிழி வந்தது. இரத்தமும் வந்தது. கரையில் பிள்ளைகள் வீரிட்டன. மாமாங்கம் குதித்து அவன் முதுகில் ஏறிக் காதைக் கடித்தும் அவன் பிடியை விடவில்லை.

"சாகப்போறான்டா! இவன் செத்தா உன்ர பற்றிமாவை ஆருடா எடுப்பிக்கிறது?"

அந்தப் பெயர்தான் கையைத் தளர்த்தியது.

கரையில் கிடந்த சவுந்தரபாண்டியன் தண்ணீரையும் இரத்தத்தையும் கக்கினார். கடைவாய்ப் பல் ஒன்று புல்லில் விழுந்தது. மாமாங்கம் அவர் பக்கத்தில் குந்தி விஷயத்தைச் சொன்னான், கடிதத்தையும் காட்டினான். மை கரைந்திருந்தது. மனிதர் அந்தத் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எங்க ஊர்ல பொண்டாட்டின்னுதான் சொல்லுவோம்" என்றார் பிறகு. "மனுசின்னா பொண்டாட்டியா? சத்தியமா எனக்குத் தெரியாதுங்க. யாருமே சொல்லலியே."

சாராயக்கடையில் இருந்து யாரோ தொலைபேசி எடுத்துவிட்டார்கள். ஊர்ப் பொலிஸ்காரர் காரில் வந்து இறங்கினார். வாக்குமூலம் எழுத வேண்டும். மாமாங்கத்துக்குத் தெரிந்த டேனிஷ் கடைக்குப் போய்ப் பால் வாங்க மட்டும் காணும். சுற்றி நின்றவர்களில் இரண்டு மொழியும் தெரிந்தவர் ஒருவர்தான், அவருக்கு மூக்கில் துவாய்.

"நானே சொல்றேன்" என்றார் அவர்.

ஏன் அடித்தாய் என்று கேட்டார் பொலிஸ்காரர்.

"என்ர மனுசிக்காக அடிச்சனான்."

சவுந்தரபாண்டியன் துவாயை எடுத்தார். வீங்கிய வாயால் நிதானமாக ஒரு சொல்லை இரண்டு தரம் சொன்னார். "கோன." மனைவி. பொலிஸ்காரர் எழுதினார். செல்வரட்ணம் எட்டிப் பார்த்தான், நாலே நாலு எழுத்து. இந்த நாட்டில் பொலிஸ் எழுதிய கடுதாசியில் முதன்முதலாகப் பற்றிமா அவனுக்கு மனைவியாகிவிட்டாள். அடித்த கையாலேயே அந்த மனிதரைக் கும்பிட்டான்.

பொலிஸ்காரர் பேனையை மூடிவிட்டு இன்னும் ஏதோ நீளமாகச் சொன்னார். பீர்த்த அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள். சவுந்தரபாண்டியன் துவாயை மறுபடி மூக்கில் வைத்துக்கொண்டார்.

"என்னவாம்?" என்றான் செல்வரட்ணம்.

"இந்த அடிதடி இப்போ கேஸ் ஆயிடுச்சாம். கேஸ் இருக்கிற ஆளோட மனுவை எடுத்தே பார்க்க மாட்டாங்களாம். எத்தனை வருஷம்னு தெரியாது." பிறகு சொன்னார். "உங்க மனுசியை இப்போ கூப்பிட முடியாதுங்க."

செல்வரட்ணம் ஈரப் புல்லில் குந்திவிட்டான். தோல் பட்டி இன்னும் தோளில்தான் தொங்கியது. இரண்டு கையாலும் தலையில் அடித்து அடித்துக் கதறினான்.

"பாவி, இப்ப மட்டும் ஏனடா சரியாச் சொன்னனீ?"