தூங்காத லாரி

மாநில எல்லையில், புளியறை சோதனைச் சாவடிக்கு முன்னால் லாரிகள் வரிசைகட்டி நின்றன. சாரல் விட்டபாடில்லை. சுரண்டையிலிருந்து கேரளாவுக்குக் காய்கறி ஏற்றி வந்த பேச்சிராஜ், வண்டியை ஓரங்கட்டிவிட்டு சாயா குடிக்க இறங்கினான். கடைக்குள் கூட வேலை பார்க்கும் மசூதைச் சுற்றி நாலைந்து டிரைவர்கள் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"வாலே மாப்ள! முதலாளி என்னைய சென்னைக்கு அனுப்புதாரு. தானா ஓடுத லாரி இருக்குல்லா, அதைக் கண்காணிக்க டிரெய்னிங்காம்" என்றான் மசூது.

பேச்சிராஜ் சிரித்தபடி கைகுலுக்கினான். ஆனால் சாயாவைப் பாதியிலேயே வைத்துவிட்டு வண்டிக்குத் திரும்பினான்.

இருவரும் தென்காசி செல்லப்பாவின் லாரி ஆபீசில் ஒன்றாக வேலைக்குச் சேர்ந்தவர்கள். மலை வளைவுகளில் மசூதைவிடத் தானே கெட்டிக்காரன் என்பது பேச்சிராஜின் எண்ணம். நாளைக்கு ஆளில்லாத லாரி வந்தால் தான் தெருவில் நிற்க, இவன் மட்டும் ஏசி அறையில் உட்கார்ந்து வண்டிகளை மேய்ப்பானா? வழியெல்லாம் அதே நினைப்பு.

லோடை இறக்கிவிட்டு வீடு திரும்பினால், அங்கேயும் அதே பேச்சுதான். "மசூது அண்ணன் வீட்டு ஜாஹிரா அக்கா அல்வா கொண்டாந்தாவ. அண்ணன் கம்ப்யூட்டரெல்லாம் படிக்கப் போறாவளாமே! நீங்களும் கேட்டிருக்கலாம்லா?" என்றாள் மனைவி முத்துசெல்வி. அவன் அல்வாவைத் தள்ளி வைத்துவிட்டுக் கை கழுவினான்.

மறுநாள் காலையில் நேரே முதலாளியிடம் போனான்.

"சொல்லக்கூடாதுன்னு பாத்தேன் அண்ணாச்சி. மசூது வண்டி ஓட்டும்போது தூங்குதான். போன வாரம் அவன் பின்னாலதான் வந்தேன். மலையில தடுப்புச்சுவத்துல இடிக்கப் பாத்தான்."

செல்லப்பாவின் முகம் இருண்டது. "சரி, போ" என்றார். அடுத்துத் தன் பெயர்தான் வரும் என்று பேச்சிராஜ் காத்திருந்தான்.

சாயங்காலம் எல்லா டிரைவர்களையும் ஆபீசுக்கு வரச் சொன்னார்.

"டிரைவர் தூங்குவான், மிஷின் தூங்காதுன்னு தானா ஓடுத லாரி விக்குத கம்பெனிக்காரன் சொன்னான். எம் பயலுவ அப்படி இல்லன்னு அவங்கிட்ட சண்டை போட்டேன். மொதல்ல மசூது, பெறவு ஒவ்வொருத்தரா அனுப்பி எல்லாருக்கும் வேலை இருக்க மாதிரி பேசி வச்சிருந்தேன். மசூதே போன வாரம் மலையில தூங்குனா மத்தவனை எப்படி நம்ப? ஒருத்தரும் போக வேண்டாம். அந்த லாரி ரோட்டுக்கு வரட்டும், ஆளே இல்லாம ஓட்டிக்கிடுதேன்."

மசூது கூட்டத்துக்குள் கண்ணை ஓட்டிப் பேச்சிராஜைத் தேடினான்.

"நான் தூங்கல அண்ணாச்சி. மாப்ள, நீ எம் பின்னாலதானலே வந்த? நீயாவது சொல்லு!"

உதவிக்குத் தன்னையே கூப்பிடுகிறானே! பேச்சிராஜ் சுற்றி நின்றவர்களைப் பார்த்தான். தனக்கென்று வைத்திருந்த வாய்ப்பையும் சேர்த்தல்லவா அழித்துவிட்டோம்! இத்தனை பேருடைய பிழைப்பும் அவன் கண்முன் நின்றது.

"அவன் தூங்கல அண்ணாச்சி. நான்தான் பொய் சொன்னேன். அவனுக்குக் கெடச்சது எனக்குப் பொறுக்கல" என்று குனிந்துகொண்டே சொன்னான்.

மணிமுத்து என்ற டிரைவர் கையை ஓங்கிக்கொண்டு வந்தான். செல்லப்பா அவனைப் பிடித்து நிறுத்தினார். "மசூது நாளைக்கே கிளம்பட்டும். மத்தவங்களும் போவாங்க. பேச்சிராஜ், நீ கடைசியாத்தான் போவ" என்றார்.

பேச்சிராஜ் மசூதின் கையைப் பிடிக்கப் போனான். மசூது கையை இழுத்துக்கொண்டான்.

"உன்னைய மன்னிக்க இன்னைக்கு எனக்கு மனசு வரல மாப்ள. ஆனா ஒண்ணு கேட்டுக்கோ. மிஷின் வந்தா வேலை மாறும், அதை நாம படிச்சுக்கிடலாம். கூட இருக்கவன் நல்லாருக்கதைப் பாத்து வயிறெரிஞ்சா, அவன் சோத்துல மட்டுமா மண்ணு விழும்? நம்ம எல்லாரு சோத்துலயும்தாம்லே விழும்!"