பின்சீட்டில் பால்குடம்

கல்லுமலைத் தோட்டத்தில் அந்தப் பள்ளித் தவணை முழுக்க யார் வீட்டில் என்ன சண்டை என்று யாரும் கேட்கவில்லை. சுதர்ஷினியின் ஸ்கூல் வேன் இன்றைக்கு எந்த வளைவில் எவ்வளவு உயரம் குதித்தது என்பதுதான் தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் பேச்சு.

பிள்ளைகள் பாதி வழியிலேயே காலைச் சாப்பாட்டை வெளியே தள்ளினார்கள். பின்சீட்டுக்காரர்களின் சாப்பாட்டுப் பெட்டிக்குள் சோறும் பருப்பும் சம்பலும் தலவாக்கலைப் பள்ளிக்குப் போய்ச் சேர்வதற்குள் ஒரே நிறமாகிவிட்டன. வேனுக்கு "ராட்டினம்" என்று பேர் வைத்தது, பேரப்பிள்ளையை அதில் அனுப்பும் ராசம்மா. ராசம்மா வைத்த பேர் இந்தத் தோட்டத்தில் இதுவரை அழிந்ததில்லை. சந்தேகமிருந்தால் அவருடைய மருமகனைக் கேட்டுப் பாருங்கள்.

பாவம், வேன் என்ன செய்யும்? குலுக்கலைத் தாங்கும் பின்பக்க ஷொக் இரண்டும் பழசாகிவிட்டதென்று சுதர்ஷினி புதுசு வாங்கிப் போட்டாள். அதுதான் வினையாகிப் போனது. கினிகத்தேனை டவுன் கடையொன்று "ஜப்பான் தரம், ஒரு வருட வொரன்டி, வாடிக்கையாளரே எமது தெய்வம்" என்று ஃபேஸ்புக்கில் மினுங்க மினுங்க விளம்பரம் போட்டிருந்தது. முதலாளி ஜீவராஜ் வேறு யாருமில்லை. இதே கல்லுமலையின் மேல் லயத்து வரிசை வீட்டில் பிறந்து, டவுனுக்குப் பஸ் ஏறிப் போய்ப் பெரிய ஆளானவர். நம்ம ஆள் நம்மை ஏமாற்றுவாரா என்று சுதர்ஷினி நினைத்தாள். நம்மை ஏமாற்றுவது எப்படி என்று நம்ம ஆளுக்குத்தானே நன்றாகத் தெரியும்!

பூட்டிக் கொடுத்த ஹட்டன் கராஜ்காரர் மிலான் பாஸ், பெட்டியைத் திறந்தபோதே மூக்கைச் சுளித்தார்; அவருக்குச் சுதர்ஷினி எப்போதும் 'நங்கி', தங்கை.

"நங்கி, பெட்டி மட்டும்தான் ஜப்பான்."

சொன்னபடியே ஆயிற்று. ஒரு மாதத்தில் எண்ணெய் கசிந்தது. அடுத்த மாதம், வேனுக்கு அடியில் ஷொக் என்று ஒன்று இருக்கிறதா என்றே தெரியவில்லை.

சுதர்ஷினி கடைக்குப் போன் அடித்தாள். முதலாளி சாப்பிடப் போயிருந்தார். பின்னேரம் அடித்தாள். முதலாளி இன்னும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எண்ணெய் வழிவதை வீடியோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினாள். பார்த்துவிட்டார் என்பதற்கு நீலக் கோடு விழுந்தது, பதில்தான் விழவில்லை. கடைசியில் வேனோடு போய்க் கடை வாசலில் நின்றாள்.

"சாமான்ல ஒரு குத்தமும் இல்லம்மா," என்றார் ஜீவராஜ், வேனை எட்டிக்கூடப் பார்க்காமல். "குத்தம் ஒங்க ரோட்டுல. தோட்டத்து ரோட்டுக்கு எந்த ஷொக்கும் நிக்காது."

"நீங்களும் அந்த ரோட்டுல நடந்து வளந்தவருதானுங்களே மொதலாளி?"

"அதனாலதாம்மா சொல்றேன். வொரன்டி தார் ரோட்டுக்கு மட்டும்தான். அதோட, பொம்பளைங்க ஓட்டுனா வளைவுக்கு வளைவு பிரேக்க மிதிச்சு மிதிச்சே..."

கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். சுதர்ஷினிக்குக் காது வரை சூடேறியது. வீடு வந்து மறுபடி போன் அடித்தால், அவளுடைய நம்பரையே பிளாக் பண்ணியிருந்தார் மனிதர். அவள் தெய்வமாக இருந்த காலம் அத்தோடு முடிந்தது.

அந்த வாரமே ராசம்மா பீலிக்கரையில் மறித்தார்.

"இந்தா பாரு புள்ள, தாய்மாரு எல்லாம் பேசி முடிச்சிட்டோம். திருவிழா முடியட்டும். அடுத்த தவணைக்கு எங்க புள்ளைங்க சிறில் வேன்ல போகும்."

சிறில் கீழ்ப்பிரிவுக்காரன். வேனுக்குள் ரோஜாப்பூ வாசனை அடித்து வைத்திருப்பவன். பிள்ளைகள் அங்கே போனால் சுதர்ஷினிக்கு ஓட்டமில்லை. ஓட்டமில்லாவிட்டால் வேனில்லை. வேனில்லாவிட்டால் மறுபடி கொழுந்துக் கூடையைத் தூக்கிக்கொண்டு, காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் போய் நின்று, கங்காணியிடம் பேச்சு வாங்க வேண்டும். இன்னொரு ஜோடி ஷொக் வாங்கக் கையில் பசையும் இல்லை. அவள் குடத்தைத் தூக்கிக்கொண்டு நடந்தாள்.

இப்படி இருக்கையில்தான் கோயில் தலைவர் செல்லசாமி அறிவித்தார்: இந்த வருஷத் திருவிழா உபயம் கினிகத்தேனை ஜீவராஜ் முதலாளி குடும்பம்!

கல்லுமலை மாரியம்மனுக்கு ஒரு வழக்கம் உண்டு. உபயகாரர் எப்பேர்ப்பட்ட காரில் வந்தாலும் அந்தக் கார் மெயின் ரோட்டு முச்சந்தியோடு சரி. அங்கே தப்பு மேளம் அடித்து, மாலை போட்டு, தோட்டத்து வண்டியில்தான் மேலே கூட்டி வர வேண்டும். அவர் வீட்டம்மா அபிஷேகப் பால்குடத்தை மடியில் வைத்துக்கொண்டு வருவார். கோயில் வரும் வரை குடம் கீழே படக்கூடாது.

"வழக்கமா சிறில் வேன்தானே போகுது," என்றாள் சுதர்ஷினி. "இந்த வருஷம் என் வேன் போகட்டும் தலைவரே."

"அந்த ராட்டினமா? அந்த மனுசன ஏத்தவா?"

"அவரு சாமான் போட்ட வேனுங்க. அவருக்குப் பெருமையா இருக்கும்ல?"

செல்லசாமி அவள் முகத்தைப் பார்த்து மீசைக்குள்ளேயே சிரித்துக்கொண்டு, "நல்லா கழுவிக் கொண்டா," என்றார்.

திருவிழாவன்று முச்சந்தியில் காரை விட்டு இறங்கிய ஜீவராஜ், வேன் ஸ்டியரிங்குக்குப் பின்னால் யார் இருக்கிறார் என்று பார்த்ததும் ஒரு அடி பின்வாங்கினார். ஆனால் கழுத்தில் மாலை விழுந்துவிட்டது, தப்பும் முழங்கிவிட்டது. இனி எங்கே ஓடுவது? மரியாதைக்குரிய முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தார். நடுவில் செல்லசாமி. கடைசிச் சீட்டில் காஞ்சிபுரம் பட்டு சரசரக்க, மடியில் தளும்பத் தளும்பப் பால்குடத்தோடு ஜீவராஜின் மனைவி நாகலெட்சுமி. அவருக்குத் துணையாக, அழைக்காமலே ஏறிக்கொண்ட ராசம்மா.

சுதர்ஷினி மனதுக்குள் ஒன்றைத் தீர்மானித்திருந்தாள். வேண்டுமென்றே குழியில் விட்டாள் என்று நாளைக்கு ஒருத்தரும் சொல்லக் கூடாது. பிள்ளைகளை ஏற்றிப் போகும் அதே வேகம், அதே பொறுமை. அவ்வளவுதான்.

முன்சீட்டு சொகுசாகத்தான் போனது. ஜீவராஜுக்கு முதல் வளைவிலேயே தைரியம் வந்துவிட்டது. லயத்து வாசல்களில் நின்றவர்களுக்குக் கையசைத்தபடி, எல்லோருக்கும் கேட்கட்டுமென்று சத்தமாகச் சொன்னார்.

"பாத்தீங்களா தலைவரே, எவ்வளவு சொகமா போகுது! இந்த ரோட்டுக்கே இப்பிடின்னா சாமான் எப்பிடி இருக்கணும்? இந்தம்மா அன்னிக்குக் கடைக்கு வந்து என்னமோ கத்துனாங்க!"

"ஐயோ!" என்று ஒரு குரல் பின்னாலிருந்து வந்தது.

முதல் குழியில் பால் நாகலெட்சுமியின் வளையலை நனைத்தது. அடுத்ததில் பட்டுச் சேலை குளித்தது. கல் பெயர்ந்த மேட்டில் பின்சீட்டு எழும்பிய எழும்பலில் ராசம்மாவின் முகத்திலேயே அபிஷேகம் நடந்தது. "தாயே, மாரியாத்தா, காப்பாத்து!" என்று அவர் போட்ட கூச்சலைப் பக்தி என்று நினைத்து, முன்னால் முச்சக்கரவண்டியில் போன தப்புக்காரர்கள் இன்னும் வேகமாக அடித்தார்கள்.

கோயில் வாசலில் வேன் நின்றது. ஜீவராஜ் வேட்டி மடிப்புக் கலையாமல் இறங்கினார். பின்கதவு திறந்தது. கொண்டைப் பூவிலிருந்து பால் சொட்டச் சொட்ட, அடியில் கொஞ்சமே மிஞ்சிய குடத்தோடு நாகலெட்சுமி இறங்கியதும் தப்புச் சத்தம் தானாக நின்றது.

"மெதுவா ஓட்டத் தெரியாதா?" என்று சுதர்ஷினி மேல் பாய்ந்தார் ஜீவராஜ்.

"மெதுவாத்தான் ஓட்டுச்சு அந்தப் புள்ள," என்றார் நாகலெட்சுமி. "நான் பாத்துக்கிட்டுத்தானே வந்தேன். நீங்க முன்னால ராசா மாதிரி கை காட்டிக்கிட்டு வந்தீங்க. அதே வேன், அதே ரோடு. பின்னால இருந்த நாங்க மட்டும் ஏங்க குளிச்சோம்?"

இதற்காகத்தானே சுதர்ஷினி காத்திருந்தாள். குரலை உயர்த்தாமல் சொன்னாள்.

"அம்மா, முன்னால இருக்கிறது வேனோட வந்த பழைய ஷொக்குங்க. மொதலாளி கடைச் சாமான் பின்னால இருக்கு. நீங்க உக்காந்த எடத்துக்கு நேர் கீழ."

தப்புக்காரர் ஒருத்தர் கை பொறுக்காமல் 'டண்' என்று ஒரே ஒரு அடி அடித்தார். அதற்குப் பிறகு எழுந்த சிரிப்பில் கோயில் மாடத்துப் புறா எல்லாம் பறந்தது.

"இல்ல நாகு, இந்தத் தோட்டத்து ரோட்டுக்கு எந்த..."

"சொகமா போகுதுன்னு இப்பத்தானே சொன்னீங்க!" என்றார் ராசம்மா, முந்தானையால் முகத்தைத் துடைத்தபடி. "தலைவரு சாட்சி, நான் சாட்சி, இந்தப் பாலும் சாட்சி."

கீழ் லயத்து மாட்டுக்காரர்கள் உடனே வேறு பால் கொண்டு வந்தார்கள். அம்மனுக்கு ஒரு குறையும் இல்லை. குறை எல்லாம் ஜீவராஜுக்குத்தான். கடை நாகலெட்சுமியின் பேரில் இருப்பது அன்றைக்குத்தான் ஊருக்குத் தெரிய வந்தது. பூசை முடிந்ததும் மைக்கைப் பிடித்து, "எங்க கடையில வாங்கின ஷொக்ல குறை இருந்தா மாத்தித் தருவோம், தோட்டத்து ரோடா இருந்தாலும்" என்று ஜீவராஜ் சொன்னார். சொல்லும்போது மனைவி பக்கத்திலேயே நின்று அவர் உதட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். சொல்லி முடிக்குமுன்னே கூட்டத்தில் முச்சக்கரவண்டிக்காரர்கள் கையைத் தூக்கிவிட்டார்கள்.

அந்த வாரமே புதுப் பெட்டியோடு புருஷன் பெண்சாதி இருவரும் மிலான் பாஸின் கராஜுக்கு வந்தார்கள். மிலான் பிரித்துப் பார்த்துவிட்டு நாகலெட்சுமியிடம் தலையாட்டினார். "இது உள்ளுக்கும் ஜப்பான், நோனா." பூட்டியானதும் நாகலெட்சுமி ஒரு செம்பு நிறையத் தண்ணீர் எடுத்துப் புருஷன் கையில் கொடுத்தார்.

"ஏறுங்க பின்னால."

கல்லுமலை உச்சி வரை போய்த் திரும்பினாள் சுதர்ஷினி, அதே வேகத்தில். செம்பிலிருந்து ஒரு சொட்டும் சிந்தவில்லை. ஜீவராஜின் சட்டை நனைந்திருந்தது உண்மைதான், ஆனால் அது வியர்வை.

அடுத்த தவணை தொடங்கிய காலை, ராசம்மா தன் பேரப்பிள்ளையைத் தானே தூக்கிப் பின்சீட்டில் உட்கார வைத்தார். "நான் அன்னிக்கே சொன்னேன், வேன்ல குத்தமில்லன்னு," என்று தாய்மாரிடம் அடித்துப் பேசினார். ராசம்மாவை யார் மறுப்பது? வேனுக்கு இப்போது "பால்குடம்" என்று பேர். அதுவும் அவர் வைத்ததுதான்.

இப்போதெல்லாம் மலைத் தோட்டங்களிலிருந்து கினிகத்தேனைக்கு ஷொக் வாங்கப் போகிறவர்கள் கையில் ஒரு செம்போடு போகிறார்கள். பூட்டி, முதலாளியைப் பின்னால் ஏற்றி, ஒரு சுற்றுச் சுற்றாமல் யாரும் காசை நீட்டுவதில்லை. போன மாதம் கொழும்பு ஓட்டம் போய்த் திரும்பிய சுதர்ஷினி, அந்தக் கடை வாசலைத் தாண்டும்போது பார்த்தாள். ஒரு முச்சக்கரவண்டியின் பின்சீட்டில் ஜீவராஜ், இரண்டு கையாலும் செம்பைப் பிடித்துக்கொண்டு விறைத்துப்போய் உட்கார்ந்திருந்தார். அவள் நீளமாக ஒரு ஹோர்ன் அடித்தாள்.

அவர் திரும்பிப் பார்த்தார். கையைத் தூக்கினால் தண்ணீர் சிந்திவிடும். தலையை மட்டும் மெல்ல, மிக மெல்ல அசைத்தார்.